இணையத்தில் உள்ள சமய நூல்களையும் களஞ்சியங்களையும் ஆய்வுக்கட்டுரையில் மேற்கோள் காட்டுவது எப்படி?

முதன்முதலாக ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவர்களின் அடிக்குறிப்பில் இப்படி ஒரு வரியை அடிக்கடி பார்க்கிறேன்: "தேவாரம், இணையதளம், பார்த்த நாள் 12.3.2023." தேவாரத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன. அதில் எந்தப் பாடல்? மூவரில் யார் பாடியது? எந்தப் பதிப்பில் உள்ள பாடம்? இவற்றில் ஒன்றுக்குக்கூட அந்த வரியில் பதில் இல்லை.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் கட்டுரையில் ஒன்பது அடிக்குறிப்புகளில் வெறும் சுட்டிகளை, அதாவது இணைய முகவரிகளை, மட்டும் ஒட்டியிருந்தேன். கட்டுரை மதிப்பாய்வுக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்தத் தளத்தை மாற்றி அமைத்துவிட்டார்கள். ஒன்பதில் ஒன்றும் திறக்கவில்லை. எந்தப் பாடலை எங்கே பார்த்தேன் என்று மறுபடி தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது. அதற்குப் பிறகு ஒரு சோதனையை வழக்கமாக்கிக்கொண்டேன். அடிக்குறிப்பை எழுதி முடித்ததும் சுட்டியை மட்டும் கையால் மறைத்துவிட்டுப் படிப்பேன். மீதி இருப்பதை வைத்துக்கொண்டு ஒருவர் நூலகத்துக்குப் போய் அதே வரியைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றால் அது நல்ல அடிக்குறிப்பு. கீழே வரும் படிகள் எல்லாம் இந்தச் சோதனையில் தேறுவதற்காகத்தான்.

படி 1: திரையில் இருப்பது என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நாம் பார்ப்பது இணையதளம். ஆனால் மேற்கோள் காட்டுவது ஒரு நூலை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மற்ற எல்லாப் படிகளும் தவறிப்போகும்.

சமய நூல்கள் இணையத்தில் மூன்று வடிவங்களில் கிடைக்கின்றன. முதலாவது, அச்சுப் புத்தகத்தை அப்படியே படமெடுத்துப் போட்ட பிடிஎஃப். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இப்படிப் பழைய நூல்கள் நிறைய உண்டு. இது அச்சு நூலேதான். பக்க எண்ணைத் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டாவது, அச்சு நூலைப் பார்த்துத் தட்டச்சு செய்த பாடம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் இந்த வகை. இங்கே பக்க எண் இருக்காது, தட்டச்சுப் பிழையும் இருக்கக்கூடும். கோப்பின் தொடக்கத்தில் யார் உள்ளிட்டார்கள், யார் பிழை திருத்தினார்கள், எந்த அச்சுப் பதிப்பைப் பின்பற்றினார்கள் என்ற குறிப்புகள் இருக்கிறதா பாருங்கள். பலரும் அதைத் தாண்டி நேராகப் பாடலுக்குப் போய்விடுகிறார்கள்; நமக்கு வேண்டிய தகவல் பெரும்பாலும் அந்த முன்குறிப்பில்தான் இருக்கிறது. மூன்றாவது, மின்வடிவமாகவே உருவாக்கப்பட்ட ஆய்வுப் பதிப்பு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் சேர்ந்து 2007இல் கொண்டுவந்த 'டிஜிட்டல் தேவாரம்' நல்ல எடுத்துக்காட்டு. அதற்கென்று ஆசிரியர்களும் ஆண்டும் இருப்பதால் அதையே ஒரு நூலாக மேற்கோள் காட்டலாம், காட்டவும் வேண்டும்.

உரை விஷயத்தில் தனிக் கவனம் தேவை. பாடலுக்குக் கீழே உள்ள பொழிப்புரையிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு, "திருஞானசம்பந்தர் கூறுகிறார்" என்று எழுதுவது பெரிய பிழை. அது உரையாசிரியரின் சொல். அவர் பெயர் தளத்தின் முகப்பிலோ பதிப்புரையிலோ இருக்கும். தேடி எடுத்து எழுதுங்கள்.

படி 2: பதிவை எழுதியவர் யார்?

கலைக்களஞ்சியங்களில் பதிவுக்குப் பதிவு ஆசிரியர் மாறுவார். பெரிய களஞ்சியங்களில் பதிவின் கடைசியில் பெயர் இருக்கும். அந்தப் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும். முதன்மைப் பதிப்பாசிரியரின் பெயர் அதற்குப் பிறகுதான் வரும்.

'என்சைக்ளோபீடியா ஆஃப் ரிலிஜன்' என்ற களஞ்சியத்தை எடுத்துக்கொள்வோம். மிர்ச்சா எலியாடே பதிப்பித்த முதல் பதிப்பு 1987இல் 16 தொகுதிகளாக வந்தது. லிண்ட்சே ஜோன்ஸ் பதிப்பித்த இரண்டாம் பதிப்பு 2005இல் 15 தொகுதிகளாக வந்தது. இணையத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது. ஆனால் அதில் உள்ள பதிவுகள் எல்லாமே 2005இல் எழுதப்பட்டவை என்று நினைத்துவிடக் கூடாது. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆண்டு போட்டிருப்பார்கள். 1987 என்று மட்டும் இருந்தால் அது பழைய கட்டுரையின் மறு அச்சு. இரண்டு ஆண்டும் இருந்தால் திருத்தப்பட்டது. 2005 என்று மட்டும் இருந்தால் புதிது. ஓர் அறிஞரின் கருத்து எப்போது சொல்லப்பட்டது என்பது நம் வாதத்துக்கு முக்கியமாகும் இடத்தில், அந்தச் சின்ன அடைப்புக்குறிதான் துணை.

அகராதிகளில் பதிவுக்குத் தனி ஆசிரியர் இருக்க மாட்டார். அங்கே நூலின் பெயரைச் சொல்லி, எந்தத் தலைச்சொல்லின் கீழ் பார்த்தோம் என்று குறித்தால் போதும். ஆங்கிலக் கட்டுரைகளில் 'எஸ்.வி.' என்று சுருக்கமாகப் போடுவார்கள். 'அந்தச் சொல்லின் கீழ்' என்று பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம் அது. தமிழில் இப்படி எழுதலாம்: ஆ. சிங்காரவேலு முதலியார், அபிதான சிந்தாமணி, இரண்டாம் பதிப்பு, 1934, "அகத்தியர்" என்னும் தலைச்சொல்.

படி 3: ஆண்டு. இங்கேதான் அதிகம் தவறுகிறது

தளத்தின் அடியில் இருக்கும் பதிப்புரிமை ஆண்டை நூலின் ஆண்டாக எழுதாதீர்கள். இந்தப் பிழை கட்டுரையின் வாதத்தையே சாய்த்துவிடும்.

'கத்தோலிக்க என்சைக்ளோபீடியா' 1907 முதல் 1912 வரை 15 தொகுதிகளாக அச்சில் வந்த களஞ்சியம். முழுப் பாடமும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, தேடினால் முதலில் வந்து நிற்கிறது. ஒரு மாணவர் அதிலிருந்து எடுத்து, 2022 என்று ஆண்டு போட்டு, "பிற சமயங்களைப் பற்றிக் கத்தோலிக்கத் திருச்சபையின் இன்றைய பார்வை" என்று எழுதினால் என்ன ஆகும்? இடையில் 1962 முதல் 1965 வரை இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்திருக்கிறது. பிற சமயங்களோடு உள்ள உறவைப் பற்றிச் சங்கம் தனி அறிக்கையே 1965இல் வெளியிட்டிருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய நிலையை இன்றைய நிலையாகக் காட்டுவது அந்தச் சமயத்துக்கும் வாசகருக்கும் செய்யும் அநீதி. 1901 முதல் 1906 வரை வந்த 'யூத என்சைக்ளோபீடியா'வுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பழைய களஞ்சியங்களைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்லவில்லை. எந்த ஆண்டில் நின்று பேசுகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

'என்சைக்ளோபீடியா ஆஃப் இஸ்லாம்' இன்னும் சிக்கலானது. அதன் மூன்று பதிப்புகளும் பிரில் என்ற பதிப்பகத்தின் தளத்தில் இருக்கின்றன. மூன்றாம் பதிப்பு 2007இல் தொடங்கியது. ஒரே பொருளில் மூன்று பதிப்பிலும் மூன்று வெவ்வேறு அறிஞர்களின் கட்டுரைகள் இருக்கலாம். அதனால் பதிப்பு எண் இல்லாத அடிக்குறிப்பு இங்கே பயனற்றது. தேடும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அரபுச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும் ஒலிபெயர்ப்பு முறை இரண்டாம் பதிப்பில் வேறு. 'ஜிஹாத்' என்ற பதிவு அங்கே 'டி' எழுத்தில் தொடங்கும், மூன்றாம் பதிப்பில் 'ஜே' எழுத்தில். கிடைக்கவில்லை என்று கைவிடுவதற்கு முன் எழுத்துக்கூட்டலை மாற்றிப் பாருங்கள்.

சமஸ்கிருதச் சொற்களுக்கு மோனியர் வில்லியம்ஸ் அகராதியைப் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொலோன் பல்கலைக்கழகத்தின் மின்னகராதித் தளத்தில் 1872ஆம் ஆண்டுப் பதிப்பும் 1899ஆம் ஆண்டுப் பதிப்பும் தனித்தனியாக இருக்கின்றன. எதைத் திறந்தீர்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

படி 4: பக்க எண்ணுக்குப் பதிலாக மரபு எண்

சமய நூல்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அச்சுக்கு முன்பே அடியார்களும் உரையாசிரியர்களும் அவற்றை எண்ணி வகுத்து வைத்திருக்கிறார்கள். தேவாரத்துக்குத் திருமுறை, பதிகம், பாடல் என்ற மூன்று எண் போதும். "தோடுடைய செவியன்" 1.1.1, "கூற்றாயினவாறு" 4.1.1, "பித்தா பிறைசூடி" 7.1.1. தளம் மாறினாலும் புத்தகம் மாறினாலும் இந்த எண் பிடித்துக் கொடுத்துவிடும்.

ஆனால் எண் எந்த அடைவைச் சேர்ந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். தேவாரம் பண்முறை (பண்களின் வரிசை), தலமுறை (தலங்களின் வரிசை) என்று இரண்டு விதமாகத் தொகுக்கப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன எண்கள் பண்முறைக்கு உரியவை. தலமுறைப் பதிப்பில் கோயில் என்னும் தில்லைப் பதிகங்கள்தான் முதலில் வரும். அந்தப் பதிப்பின் வரிசை எண்ணை எடுத்துப் பண்முறை எண் போல எழுதினால் வேறொரு பாடலில் போய் நிற்போம்.

நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்திலும் இதே கதை. ஒன்று முதல் நாலாயிரம் வரை தொடர் எண் கொடுப்பது வழக்கம். ஆனால் அதில் உள்ள சிறிய திருமடல், பெரிய திருமடல் என்ற இரண்டையும் சிலர் ஒவ்வொன்றும் ஒரே பாட்டு என்று எண்ணுகிறார்கள், சிலர் பல பாட்டுகளாகப் பிரித்து எண்ணுகிறார்கள். அதனால் அதற்குப் பின்னால் வரும் நூல்களின் தொடர் எண் பதிப்புக்குப் பதிப்பு நகர்கிறது. தொடர் எண்ணை மட்டும் நம்பாமல் "நம்மாழ்வார், திருவாய்மொழி 1.1.1" என்று நூலின் உள் எண்ணைக் கொடுங்கள். அது எங்கும் ஒன்றுதான்.

விவிலியத்தில் எந்த மொழிபெயர்ப்பு என்று சொல்லியே ஆக வேண்டும். புராட்டஸ்டண்ட் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்றிருப்பது, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "ஆண்டவரே என் ஆயர்" என்று இருக்கிறது. நூற்பெயர்களே மாறும்: அங்கே ஆதியாகமம், இங்கே தொடக்க நூல். கைப்பேசிச் செயலியிலிருந்து எடுத்தால் அமைப்புகளுக்குள் போய் மொழிபெயர்ப்பின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கத்தோலிக்க நூல்களில் சங்கீத எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும். அவை கிரேக்க, லத்தீன் மரபின் எண்ணைப் பின்பற்றுகின்றன. நமக்கு 23ஆம் சங்கீதம், அவற்றில் 22.

குர்ஆனுக்கு அத்தியாயம், வசனம்: 2:255 என்று எழுதினால் போதும். தமிழில் மேற்கோள் தந்தால் மொழிபெயர்ப்பாளர் பெயரும் வேண்டும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆய்வுகளில் வரும் வசன எண் 1834இல் வந்த ஃப்ளூகல் பதிப்பைச் சேர்ந்ததாக இருக்கலாம். இன்று பரவலாக வழங்கும் 1924ஆம் ஆண்டுக் கெய்ரோப் பதிப்பின் எண்ணோடு அது பல இடங்களில் ஒத்துப்போகாது. வசனத்தைத் திறந்து பார்க்காமல் எண்ணை நகலெடுக்க வேண்டாம்.

படி 5: சுட்டியும் பார்த்த நாளும்

இப்போதுதான் சுட்டிக்கு வருகிறோம். பதிவில் டிஓஐ எண் (மின்ஆவணத்துக்குத் தரப்படும் நிரந்தர அடையாள எண்) இருந்தால் அதையே கொடுங்கள். தளம் இடம் மாறினாலும் அது வழி காட்டும். இல்லையென்றால் 'நிரந்தரச் சுட்டி' என்று ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து அப்படியே நகலெடுக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. பல்கலைக்கழக நூலகக் கணக்கின் வழியே நுழைந்திருந்தால், அந்த முகவரிக்குள் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரும் சேர்ந்திருக்கும். வெளியில் இருப்பவருக்கு அது திறக்காது.

டிஓஐ இல்லாத பக்கத்தை இணையக் காப்பகத்தின் 'வேபேக் மெஷின்' தளத்தில் சேமித்துவிட்டு அந்தச் சுட்டியையும் கொடுக்கலாம். இரண்டு நிமிட வேலை.

பார்த்த நாள் எப்போதும் வேண்டுமா? உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும் பக்கத்துக்குக் கட்டாயம் வேண்டும். அச்சு நூலின் பிடிஎஃப் படத்துக்குத் தேவையில்லை. 1934ஆம் ஆண்டுப் பதிப்பு நாளைக்கு மாறிவிடாது.

படி 6: சேர்த்து எழுதுவது

சரி, எல்லாவற்றையும் சேர்த்தால் ஓர் அடிக்குறிப்பு இப்படி இருக்கும்: திருஞானசம்பந்தர், தேவாரம் 1.1.1, பதிப்பாசிரியர் தி. வே. கோபாலையர், புதுச்சேரி: பிரெஞ்சு நிறுவனம், 1984. மின்பதிப்பில் படித்திருந்தால் அதன் பெயர், ஆண்டு, சுட்டி ஆகியவை இதன் பின்னால் வரும். நீங்கள் கையில் எடுத்துப் பார்க்காத அச்சு நூலைப் பார்த்ததுபோல எழுத வேண்டாம். மின்பாடத்தைத்தான் பார்த்தீர்கள் என்றால் "மின்பாடம்" என்று சொல்லிவிடுங்கள். அதில் குறைவு எதுவும் இல்லை.

சிகாகோ, எம்எல்ஏ, ஏபிஏ என்று வழங்கும் மேற்கோள் முறைகளில் காற்புள்ளியும் வரிசையும்தான் பெரும்பாலும் மாறுபடும். சிகாகோவில் அகராதிப் பதிவை அடிக்குறிப்பில் மட்டும் தந்தால் பொதுவாகப் போதும். ஏபிஏவில் பார்த்த நாள் மாறக்கூடிய பக்கங்களுக்கு மட்டும். மூன்றுமே சமய நூல்களுக்குப் பக்க எண்ணைவிட மரபு எண்ணையே விரும்புகின்றன. எது வேண்டும் என்று நெறியாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மேற்கோள்களைச் சேமித்து வைக்கும் ஸோட்டெரோ மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது தமிழ்ப் பெயர்களை. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. மென்பொருளுக்கு அது தெரியாது. பெயரை இரண்டு கட்டங்களில் பிரித்துப் போட்டால் அபிதான சிந்தாமணி ஆசிரியர் "முதலியார், ஆ. சிங்காரவேலு" என்று பட்டியலில் 'மு'வில் போய் உட்கார்ந்துவிடுவார். பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்றி, "சிங்காரவேலு முதலியார், ஆ." என்று முழுவதையும் அதிலேயே தட்டச்சு செய்யுங்கள். பதிவின் வகையையும் 'வலைப்பக்கம்' என்று விட்டுவிடாமல் 'கலைக்களஞ்சியக் கட்டுரை' அல்லது 'அகராதிப் பதிவு' என்று மாற்றுங்கள். உலாவியிலிருந்து சேமிக்கும்போது அது பல நேரம் வலைப்பக்கமாகவே பதிவாகிறது. அப்படியே விட்டால் தொகுதி, பதிப்பு, பதிப்பாசிரியர் ஆகியவற்றுக்குக் கட்டமே இருக்காது.