பெட்ரோல் காரில் ஆயில் லெவல் ஏறியிருந்தால்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

என்ஜின் ஆயில் குறைந்திருந்தால் எல்லோரும் பதறுவார்கள். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பியில்) மேல் கோட்டையும் தாண்டி ஆயில் நின்றால் மட்டும், "சரி, நிறையத்தானே இருக்கிறது" என்று துடைத்துச் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். குறைவதற்காவது நியாயமான காரணம் உண்டு. ஓடுகிற என்ஜின் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கத்தான் செய்யும். கூடுவதற்கு அப்படி ஒரு சமாதானமும் கிடையாது. ஒன்று, யாரோ அதிகமாக ஊற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்ரோலோ, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டோ உள்ளே இறங்கியிருக்க வேண்டும். மூன்றில் எது என்று தெரிவதற்கு முன்பே எதையாவது செய்துவிடுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

அளவே தப்பாக இருக்கலாம்

முதல் தவறு, ஒரே ஒருமுறை பார்த்த அளவை அப்படியே நம்புவது. முதல் தடவை வெளியே எடுக்கும் டிப்ஸ்டிக்கை நம்பக் கூடாது. குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஆயில் அதில் மேலே வரை பூசிக்கொண்டு வரும். துடைத்து, திரும்பச் செருகி, மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வெவ்வேறு உயரம் காட்டினால் தாழ்வாக இருக்கும் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கார் சமதரையில் நிற்க வேண்டும். என்ஜினை நிறுத்தி ஐந்து பத்து நிமிடமாவது ஆகியிருந்தால்தான் மேலே இருக்கும் ஆயில் சம்புக்கு (என்ஜினின் அடித்தட்டுக்கு) இறங்கியிருக்கும்.

சூடும் ஒரு கணக்கு. நான்கு லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 200 மில்லி அளவுக்கு விரிவடையும். பல கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே இருப்பதே சுமார் ஒரு லிட்டர்தான். ஆக, நேற்றுக் காலை குளிர்ந்த என்ஜினில் பார்த்ததையும் இன்று நெடுந்தூரம் ஓட்டி வந்து பார்த்ததையும் ஒப்பிட்டு "ஏறிவிட்டது" என்று சொன்னால் அது வெறும் விரிவாகவும் இருக்கலாம். சூடாகப் பார்ப்பதா குளிர்ந்த பிறகா என்பதைக் காரின் கையேடு சொல்லும். அதன்படி, எப்போதும் ஒரே மாதிரி பாருங்கள்.

டிப்ஸ்டிக்கையும் ஒருமுறை சந்தேகப்படலாம். முழுதாக இறங்காத டிப்ஸ்டிக் லெவலைக் குறைத்துத்தான் காட்டும். கைப்பிடி உடைந்து இருக்க வேண்டியதைவிட ஆழமாக இறங்கினாலோ, வேறு என்ஜினுடைய டிப்ஸ்டிக் மாட்டப்பட்டிருந்தாலோதான் பொய்யாக ஏற்றிக் காட்டும். பழைய கார் வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உடனே உறிஞ்சி எடுப்பது

லெவல் நிஜமாகவே கூடுதல் என்று தெரிந்ததும் பலரும் செய்வது, அதிகமாக இருப்பதை மட்டும் வெளியே எடுத்துவிட்டு நிம்மதி அடைவது. யாரோ ஊற்றியதுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் இது சரிதான். பெட்ரோல் கலந்த ஆயிலில் இப்படிச் செய்தால், மீதியிருப்பதும் அதே நீர்த்துப்போன ஆயில்தான். லெவல் மட்டும் அழகாகத் தெரியும். தடயமும் போய்விடும்.

எடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள். கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது? மாற்றிய மறுநாள் லெவல் எங்கே இருந்தது? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. சர்வீஸ் முடிந்து வந்ததும் ஒருமுறை பார்த்துக் குறித்துவைக்காததுதான் பின்னால் வரும் குழப்பத்துக்கெல்லாம் வித்து. அன்றைக்கே மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஊற்றியவர் கை தாராளம், அவ்வளவுதான். அன்று சரியாக இருந்து, பிறகு ஓட ஓட ஏறினால் உள்ளே ஏதோ இறங்குகிறது.

ஊற்றுவதில் நடக்கும் தவறுகளும் ஒரே மாதிரி இல்லை. பழைய ஆயில் முழுதும் வடியுமுன் டிரெயின் பிளக்கை (ஆயிலை வடிக்க அடியில் இருக்கும் திருகை) மூடியிருப்பார்கள். ஃபில்டரை மாற்றாமலே, மாற்றினால் ஊற்ற வேண்டிய அளவை ஊற்றியிருப்பார்கள். எல்லாவற்றையும்விட மோசமான ஒன்று உண்டு: சில மாடல்களில் கியர்பாக்ஸின் டிரெயின் பிளக்கும் என்ஜினுடையதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தப்பானதைக் கழற்றிக் கியர் ஆயிலை வடித்துவிட்டு, நிறைந்திருக்கும் என்ஜினில் இன்னொரு முழு அளவு ஆயிலைக் கொட்டிவிடுவார்கள். சர்வீஸ் முடிந்த அன்றே லெவல் கோட்டுக்கு வெகு மேலே நின்றால் காரை நகர்த்தாமல் கியர்பாக்ஸில் ஆயில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மூக்கை மட்டும் நம்புவது

டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்து, பெட்ரோல் வாசனை வந்தால் "இன்ஜெக்டர் போச்சு" என்று தீர்ப்பு எழுதுவார்கள். ஓடிய ஆயிலில் கொஞ்சம் பெட்ரோல் வாசனை இருப்பது சகஜம். குளிர்ந்த என்ஜினில் காற்றோடு கலக்கும் பெட்ரோல் அதிகமாக இருக்கும். எரியாத பெட்ரோலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி சம்புக்கு இறங்கத்தான் செய்யும். ஆயில் நன்றாகச் சூடானதும் அதில் பெரும்பகுதி ஆவியாகி, பிசிவி (என்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி சிலிண்டருக்கு அனுப்பும் வால்வு) வழியாகத் திரும்ப எரிவதற்கே போய்விடும். அதனால் வாசனையைவிட முக்கியம், லெவல் ஏறுகிற வேகம். ஆயிலைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் எத்தனை சதவீதம் எரிபொருள் என்றே சொல்லிவிடுவார்கள்.

ஒவ்வொரு முறையும் சில கிலோமீட்டர் மட்டுமே ஓடி நிற்கும் காரில் இந்தச் சமநிலை கெடுகிறது. ஆயில் சூடாகவே நேரம் கிடைப்பதில்லை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் டர்போ என்ஜின்களில் இது இன்னும் அதிகம். ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ என்ஜின் இதற்குத் தெரிந்த உதாரணம். குளிர்ப் பகுதிகளில் ஆயில் லெவல் ஏறுவதாக எழுந்த புகார்களால் 2018-ல் சீனாவில் சிஆர்-வி விற்பனையே சிறிது காலம் நிறுத்தப்பட்டது. ஹைபிரிட் கார்களிலும் என்ஜின் விட்டுவிட்டு ஓடுவதால் இதே சிக்கல் வரக்கூடும்.

"அப்படியானால் நெடுஞ்சாலையில் ஒருமுறை ஓட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்பது பாதி உண்மை. லேசான பகுதிகள் ஆவியாகும், கனமானவை தங்கிவிடும். லெவல் மேல் கோட்டுக்கு வெகு மேலே இருக்கும்போது இந்த வைத்தியத்தை முயலவே கூடாது. இன்னொரு மயக்கமும் இதில் உண்டு. உள்ளே இறங்கும் பெட்ரோல், குறைந்துகொண்டிருக்கும் ஆயிலை ஈடுகட்டி, "நம்ம வண்டி ஒரு சொட்டு ஆயில் குடிக்காது" என்று நம்பவைக்கும். பிறகு ஒரு நெடும்பயணத்தில் பெட்ரோல் ஆவியாகி லெவல் திடீரென்று விழும்போது, ரிங் தேய்ந்துவிட்டது என்று பழி வரும்.

டீசல் கார்களில் ஆயில் ஏறுவதற்குச் சொல்லப்படும் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) சுத்திகரிப்புக் கதையை இங்கே ஒட்டவைக்காதீர்கள். பெட்ரோல் என்ஜின் அந்த வேலைக்காகக் கூடுதல் எரிபொருளைச் சிலிண்டருக்குள் விடுவதில்லை.

பழக்கத்தால் வருவதல்ல, பழுதால் வருவது என்றால் தேட வேண்டிய இடங்கள் சில. திறந்தபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் (கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) என்ஜினைச் சூடாகவே விடாது. சூட்டை அளக்கும் சென்சார் பொய் சொன்னால் கம்ப்யூட்டர் எப்போதும் குளிர்ந்த என்ஜினுக்கான பெட்ரோலையே விடும். மிஸ்ஃபயர் ஆகும் சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் கீழே இறங்கும். ஒழுகும் இன்ஜெக்டர், என்ஜின் நின்ற பிறகும் அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோலைச் சொட்டிக்கொண்டே இருக்கும். அதன் அடையாளம், காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு, ஆனதும் ஒரு கறுப்புப் புகை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் நனைந்தோ கரி படிந்தோ இருப்பது நல்ல தடயம். நேரடி இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில் கேம் ஷாஃப்ட்டால் இயங்கும் உயரழுத்தப் பம்பின் சீல் போனாலும் பெட்ரோல் நேராக ஆயிலில் கலக்கும். பழைய கார்புரேட்டர் கார்களில் மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் இதே கதை.

ஸ்கேனர் இருந்தால் ஒரு எளிய சோதனை செய்யலாம். சூடான என்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஃப்யூயல் ட்ரிம் எண்கள் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று காட்டுபவை) நன்றாகக் கழித்தல் பக்கம் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஆயிலிலிருந்து எழும் பெட்ரோல் ஆவி பிசிவி வழியே உள்ளே போவதால் கம்ப்யூட்டர் எரிபொருளைக் குறைத்துக்கொண்டிருக்கும். ஆயிலை மாற்றியதும் அந்த எண் சரியானால் ஆவிதான் காரணம்; புது ஆயிலோடும் அப்படியே இருந்தால் இன்ஜெக்டர் பக்கம் தேட வேண்டும். சோதிக்காமல் சென்சாராக மாற்றிக்கொண்டே போவது செலவுக்கு மட்டும்தான் வழி.

வெள்ளை நுரையைப் பார்த்ததும் ஹெட்டைக் கழற்றுவது

ஆயில் மூடியின் உள்ளே பால்போல வெளுத்த பிசுக்கு இருந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே இருக்கும் சீல்) போய்விட்டது என்பார்கள். குறுந்தூரம் மட்டும் ஓடும் காரில், குளிர்ந்த மூடியில் ஈரம் படிந்தே அது உருவாகும். டிப்ஸ்டிக்கில் இருக்கும் ஆயிலும் வெளுத்திருக்கிறதா, ரிசர்வ் டேங்கில் கூலண்ட் குறைகிறதா என்பதைச் சேர்த்துப் பாருங்கள். கூலண்டை என்ஜின் முழுதும் ஆறிய பிறகே பார்க்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். இரவு முழுதும் நின்ற காரில் டிரெயின் பிளக்கை லேசாகத் தளர்த்தினால், கலங்காமல் தனியாகத் தங்கிய தண்ணீர் முதலில் சொட்டும். கூலண்ட்தான் என்று ஆனாலும், ஆயில் கூலர் (கூலண்டால் ஆயிலைக் குளிர்விக்கும் பாகம்) இருக்கும் என்ஜினில் அதைச் சோதித்த பிறகே ஹெட்டில் கை வைக்கச் சொல்லுங்கள். கூலண்ட் கலந்த ஆயிலோடு என்ஜினை ஓட்டவே கூடாது. பேரிங்குகள் சீக்கிரம் போய்விடும்.

எவ்வளவு கூடினால் ஆபத்து?

மேல் கோட்டுக்கு இம்மியளவு மேலே இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அரை லிட்டர், ஒரு லிட்டர் கூடுதல் என்றால் விஷயம் வேறு. சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைத் தொட்டுக் கடையும். நுரைத்த ஆயிலை பம்ப் சரியாக அழுத்த முடியாது. எண்ணெய்ப் படலம் மெலியும். பிசிவி வழியாக ஆயில் உறிஞ்சப்பட்டு நீலப் புகை வரும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பாழாகும். இந்த நிலையில் "மெக்கானிக்கிடம் ஓட்டியே கொண்டுபோகிறேன்" என்று கிளம்ப வேண்டாம். நீர்த்துப்போன ஆயிலுக்கு ஈடாகக் கெட்டியான கிரேடு ஆயிலை மேலே ஊற்றுவதும் வேண்டாம். அது லெவலை இன்னும் ஏற்றும், காரணத்தைத் தொடாது.

ஆயிலை வடிக்கும்போது அளவு போட்ட பாத்திரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். கையேட்டில் ஃபில்டரோடு சேர்த்து 3.5 லிட்டர் என்று இருந்து, வடித்தது 4.3 லிட்டர் வந்தால் எவ்வளவு கூடுதல் என்பது கையில் இருக்கும். பழுதை நீக்கிய பிறகு புது ஆயில், புது ஃபில்டர். மறுநாள் காலையில் லெவலையும் ஓடோமீட்டர் எண்ணையும் எழுதிவைத்து, முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் இரண்டு மூன்று முறை அதே மாதிரி பாருங்கள். மறுபடி ஏறினால் மாற்றிய பாகம் தவறானது.