பூட்டிய வீட்டில் யாரை எண்ணுவது? தீவு நாட்டுத் தொகைமதிப்பு, படிப்படியாக

இலங்கையின் வடக்கில் ஒரு பிரதேச செயலகப் பிரிவில் தொகைமதிப்பின் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்) களப்பணியை மேற்பார்வை செய்தபோது, புதிதாகச் சேர்ந்த கணக்கெடுப்பாளர்கள் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குக் கைந்நூலில் வரைவிலக்கணம் இருந்தது. ஆனால் அதே வரைவிலக்கணத்தை, பூட்டிய படலைக்கு முன்னால் நின்றுகொண்டு எப்படிப் பொருத்துவது என்பதற்கு அதில் வழி இருக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே, தீவு நாடுகளில் தொகைமதிப்பை நடத்தும் அதிகாரிகளுக்காக இதை எழுதுகிறேன். வரவுசெலவுத் திட்டம், வர்த்தமானி அறிவித்தல், ஆளணி நியமனம் போன்றவற்றை உங்கள் திணைக்களமே பார்த்துக்கொள்ளும் என்பதால் அவற்றைத் தொடவில்லை. இலங்கையில் இந்தப் பணிக்கு 1900ஆம் ஆண்டின் தொகைமதிப்புக் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படை என்பதையும், தனியாள் விபரங்களை இரகசியமாகப் பேணும் கடப்பாடு உங்களுக்கு உண்டு என்பதையும் மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கணத்தைக் குறித்தல்

தொகைமதிப்பு என்பது ஒரு நாட்டின் மக்களை ஒரு குறிப்பிட்ட கணத்தில் எடுத்த படம். களப்பணி வாரக்கணக்கில் நடந்தாலும், விடைகள் அனைத்தும் அந்த ஒரு கணத்துக்கே உரியவை. இலங்கையின் பதினைந்தாவது தொகைமதிப்புக்கு அந்தக் கணம் 2024 டிசெம்பர் 19ஆம் திகதி பிறக்கும் நள்ளிரவாக இருந்தது. அதற்கு முந்தையதற்கு 2012 மார்ச் 20. நள்ளிரவுக்குப் பின் பிறந்த குழந்தை சேராது, நள்ளிரவுக்குப் பின் இறந்தவர் சேர்வார்.

திகதியைத் தெரிவு செய்யும் அதிகாரம் உங்களிடம் இருந்தால், கடலையும் மழையையும் கேட்டுவிட்டுத் தெரிவு செய்யுங்கள். வடகீழ்ப் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் டிசெம்பரில் நெடுந்தீவுக்கான படகுச் சேவையை நம்பித் திட்டமிட முடியாது. 2024இல் களப்பணி நடந்துகொண்டிருந்த நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயலோடு வந்த மழை வடக்கு, கிழக்கின் பல கிராமங்களை வெள்ளத்தில் ஆழ்த்தி, குடும்பங்களை நலன்புரி நிலையங்களுக்கு அனுப்பியது. என்னைக் கேட்டால் மார்ச்சே சிறந்தது. 1871 மார்ச் 27இல் இத்தீவின் முதலாவது முறையான தொகைமதிப்பை எடுத்தவர்களும் அந்த மாதத்தையே தெரிந்தெடுத்திருந்தார்கள்.

படி 2: எல்லையை நடந்து பார்த்தல்

நாட்டை இடைவெளியும் மேற்பொருந்தலும் இல்லாத சிறு தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும். இலங்கையில் 25 மாவட்டங்கள், அவற்றுக்குக் கீழே பிரதேச செயலகப் பிரிவுகள், அவற்றுக்குக் கீழே ஏறத்தாழ 14,000 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் என்ற அடுக்கு ஏற்கெனவே இருப்பதால், கடைசி அலகை ஒரு கணக்கெடுப்பாளர் தனியாகச் சமாளிக்கக்கூடிய அளவுக்குப் பிரிப்பதே உங்கள் வேலை.

இந்த விடயத்தில் மாலைதீவு அதிகாரிகள்மீது எனக்குச் சிறிது பொறாமை உண்டு. அங்கே பல தீவுகளுக்குக் கடலே எல்லையாக அமைந்துவிடுகிறது. ஆனால் அவர்களுக்கு வேறு சிக்கல் இருக்கிறது: 2022இல் எண்ணப்பட்ட சுமார் 5.15 இலட்சம் பேரில் நான்கில் ஒரு பங்கினர் வெளிநாட்டவர்கள். அவர்களில் பலர் உல்லாச விடுதித் தீவுகளிலும் தொழிற்றீவுகளிலும் தங்கியிருப்பதால், வீடு என்ற சொல்லே பொருந்தாத இடங்களில் ஆட்களைத் தேட வேண்டியிருக்கிறது.

நிலத்தில் வரையும் எல்லைக்கு வேலி, பனைவரிசை, வெள்ளவாய்க்கால் போன்றவற்றை நம்பாமல், வீதி, தொடருந்துப் பாதை, ஆறு ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். வரைபடத்தைக் கியூஜிஐஎஸ் மென்பொருளில் தயாரித்து, இணையமின்றி இயங்கும்படி டெப்லெட்டில் ஏற்றிக் கொடுங்கள். அதோடு அச்சிட்ட பிரதி ஒன்றையும் கட்டாயம் கொடுங்கள். கிராம உத்தியோகத்தரும் ஊரின் மூத்தவர் ஒருவரும் அந்தத் தாளைப் பார்த்து, “இந்த ஒழுங்கை அடுத்த பிரிவுக்குரியது” என்று சொல்லும் வரை எல்லையை இறுதியாக்காதீர்கள்.

படி 3: கட்டடப் பட்டியல்

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். ஆட்களை எண்ணும் நாளில் நடக்கும் பிழைகளில் பெரும்பகுதி, சில மாதங்களுக்கு முன் இந்தப் பட்டியலில் விதைக்கப்பட்டவையாகவே இருக்கும்.

மூன்று விடயங்களைப் பிரித்துப் பாருங்கள்: கட்டடம், வீட்டலகு, குடித்தனம். ஒரு கட்டடத்தில் பல வீட்டலகுகள் இருக்கலாம். ஒரு வீட்டலகில் ஒன்றுக்கு மேற்பட்ட குடித்தனங்கள் இருக்கலாம். குடித்தனத்தைப் பிரிப்பது உறவு அல்ல, சமையல். திருமணமான மகன் முன்னறையில் தனியே சமைத்து உண்டால் அவர் தனிக் குடித்தனம். பெற்றோரோடு ஒன்றாகச் சமைத்து உண்டால் ஒரே குடித்தனம். “இங்கே எத்தனை குடும்பம்?” என்று கேட்காமல், “சமையல் ஒன்றாகவா, தனித்தனியாகவா?” என்று கேளுங்கள்.

அடுத்தது பூட்டிய வீடு. யாழ்ப்பாண மாவட்டத்தில், அதிலும் புங்குடுதீவு, வேலணை, காரைநகர் போன்ற இடங்களில் பூட்டிய வீடுகளின் வரிசை நீளமானது. பூட்டிய வீடு என்று ஒரே குறியீட்டை இட்டுவிட்டு நகர்ந்தால் குடிசனத் தொகையும் வீட்டுத் தொகையும் இரண்டும் கெட்டுவிடும். ஏனெனில் வெளியிலிருந்து ஒன்றுபோலத் தெரியும் அந்தப் படலைகளுக்குப் பின்னால் முற்றிலும் வேறுபட்ட நிலைமைகள் இருக்கின்றன. உரிமையாளர் கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ நிரந்தரமாக வசிக்க, அயலவர் மாதம் ஒருமுறை முற்றம் கூட்டிவிட்டுப் போகும் வீடு வெற்று வீட்டலகு: வீடாக எண்ணப்படும், ஆளாக எவரும் எண்ணப்படமாட்டார். கொழும்பில் வேலை செய்துகொண்டு, திருவிழாவுக்கும் விடுமுறைக்கும் மட்டும் வந்து போகிறவர்களின் வீடு இரண்டாம் இருப்பிடம்: அதுவும் வீடாக எண்ணப்படும், ஆட்கள் கொழும்பில் எண்ணப்படுவார்கள். மகளின் பிரசவத்துக்காக ஒரு மாதம் வவுனியாவுக்குப் போயிருக்கும் தம்பதியின் வீடு மட்டுமே, குடியிருப்போர் தற்காலிகமாக இல்லாத வீடு. அவர்களை இந்த முகவரியில் எண்ணியே ஆக வேண்டும்.

இம்மூன்றையும் பிரித்தறியப் பக்கத்து வீட்டாரிடம் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்பது போதாது. “இருக்கினம்” என்ற விடை மூன்றுக்கும் வரும். கடைசியாக இங்கே எப்போது சமைத்தார்கள், திறப்பு யாரிடம் இருக்கிறது, மின்கட்டணப் பட்டியலை யார் எடுத்துச் செல்கிறார்கள், பிள்ளைகள் எந்தப் பாடசாலைக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள். காலை, மாலை, ஞாயிறு என வெவ்வேறு வேளைகளில் திரும்பிப் போங்கள். தீர்மானிக்க முடியாதவற்றைத் தனிப் பட்டியலாக மேற்பார்வையாளரிடம் ஒப்படையுங்கள்; ஊகித்து நிரப்பவே கூடாது.

இன்னொரு எச்சரிக்கையையும் சேர்க்கிறேன். 1981க்குப் பின் இலங்கை முழுவதையும் உள்ளடக்கிய தொகைமதிப்பு 2012இல்தான் நடந்தது. 2001இல் போர் காரணமாக 18 மாவட்டங்களிலேயே பணி முழுமையடைந்தது. எஞ்சிய ஏழும் வடக்கு, கிழக்கைச் சேர்ந்தவை. ஆகவே இப்பகுதிகளில் பழைய பட்டியல் கையில் இருக்கிறதென்று அதன்மேல் திருத்தம் செய்யத் தொடங்காமல், வெற்றுத் தாளிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பானது.

படி 4: வழக்கமான வதிவிடம்

ஒருவரை அன்றிரவு தூங்கிய இடத்தில் எண்ணுவது ஒரு முறை. வழக்கமாக வசிக்கும் இடத்தில் எண்ணுவது இன்னொரு முறை. பின்னதற்கு ஆறு மாத அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது: ஒருவர் ஆறு மாதங்களுக்கு மேலாக வசிக்கும், அல்லது வசிக்க எண்ணியுள்ள இடமே அவரது வதிவிடம். கட்டாரில் ஓர் ஆண்டாக வேலை செய்பவரைத் தாய் எவ்வளவு வற்புறுத்தினாலும் ஊர்க் குடித்தனத்தில் சேர்க்க முடியாது. வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பதும் இங்கே ஆதாரமாகாது. பெயரை விட்டுவிட்டால் பங்கீடோ காணி உரிமையோ பறிபோகுமென்ற அச்சம் மக்களுக்கு உண்டு. இந்தக் கணக்குக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்பதை முதல் நிமிடத்திலேயே விளக்கிவிட்டால் உரையாடல் இலகுவாகும்.

படி 5: கருவியும் வினாக்களும்

2024இல் இலங்கை முதன்முறையாகத் தாளை விட்டு டெப்லெட்டுக்கு மாறியது. உங்கள் நாட்டுக்கு மென்பொருள் தெரிவு செய்வதானால், என் வாக்கு சிஎஸ்ப்ரோவுக்கு. அமெரிக்கக் குடிசனப் பணியகம் இலவசமாக வழங்கும் இது, இணையமே இல்லாத தீவிலும் கணக்கெடுப்பாளரின் தரவுகளைப் புளூடூத் வழியாக மேற்பார்வையாளரின் கருவிக்கு மாற்றிக்கொடுக்கும். உலக வங்கியின் சர்வே சொலூஷன்ஸ் பார்ப்பதற்கு அழகானது, நிர்வாகத்துக்கும் வசதியானது; ஆனால் அதன் வேலைமுறை மைய சேவையகத்தைச் சுற்றியே அமைந்திருப்பதால், அலைவரிசை அறுந்து அறுந்து கிடைக்கும் இடங்களில் எனக்கு அது இரண்டாம் தெரிவுதான். எதுவானாலும், குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறுவதற்கு முன் பவர் பாங்கையும் நீர்புகாப் பையையும் சரிபாருங்கள்.

வினாக்களில் வயதுக்குக் கூடுதல் கவனம் தேவை. வயதைக் கேட்டால் 40, 45, 50 என்ற முழு எண்களே வந்து குவியும். பிறந்த திகதியைக் கேளுங்கள். நினைவில்லாத முதியவரின் தேசிய அடையாள அட்டை இலக்கமே அதைச் சொல்லிவிடும். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்களும் புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் என்றே அந்த எண் கணிக்கப்படுகிறது. 1985 மார்ச் 15இல் பிறந்த ஆணின் இலக்கம் 85074 என்று அல்லாமல் 85075 என்றே தொடங்கும். மென்பொருளில் சரிபார்ப்பு விதி எழுதுபவர் இதை அறியாவிட்டால், சாதாரண ஆண்டுகளில் மார்ச் முதல் டிசெம்பர் வரை பிறந்தவர்கள் எல்லோரின் விடையிலும் பிழைச்செய்தி ஒளிரும்.

இனம், மதம், மொழி ஆகியவற்றுக்கு ஒரே விதி: பெயரையோ நெற்றியையோ பார்த்து நிரப்பாமல் வாய்விட்டுக் கேட்க வேண்டும். வீட்டுவசதி வினாக்களில் சுவர், கூரை, தரை ஆகியவற்றைக் கண்ணால் பாருங்கள். குடிநீர், மலசலகூடம், சமையல் எரிபொருள் ஆகியவற்றைக் கேளுங்கள். கிணறு வளவில் இருந்தாலும் நீர் உவர் என்பதால் குடிப்பதற்குத் தாங்கி நீர் வாங்குவோர் யாழ்ப்பாணத் தீவகத்தில் பலர் என்பதால், கிணற்றைக் கண்டதும் குடிநீருக்கு அதையே தெரிவு செய்துவிடாதீர்கள்.

படி 6: இறுதித் திருத்தமும் பின்னளவீடும்

கணம் நெருங்கும்போது ஒவ்வொரு குடித்தனத்திலும் பிறப்பு, இறப்பு, இடமாற்றம் மூன்றையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். வைத்தியசாலை, மடம், விடுதி, சிறைச்சாலை, வீதியோரத்தில் உறங்குவோர் ஆகியோருக்குத் தனிக் குழு வேண்டும்.

பின்னர், மாதிரியாகத் தெரிந்தெடுத்த சில தொகுதிகளை வேறு ஆட்களைக் கொண்டு, முதற்பட்டியலைக் காட்டாமல் மறுபடி எண்ணுங்கள். இந்தியக் குடித்தொகையியலாளர் சி. சந்திரசேகரனும் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்கும் பிறப்பு, இறப்புப் பதிவின் முழுமையை மதிப்பிட 1949இல் வெளியிட்ட முறைதான் இங்கும் பயன்படுகிறது. கற்பனையாக, தொகைமதிப்பு ஒரு தொகுதியில் 900 பேரையும் மறு எண்ணிக்கை 850 பேரையும் கண்டு, இரண்டிலும் இருப்பவர்கள் 800 பேர் என்றால், 900ஐ 850ஆல் பெருக்கி 800ஆல் வகுக்க வரும் ஏறத்தாழ 956 பேரே உண்மைத் தொகையின் மதிப்பீடு. முதற்குழுவில் இருந்த எவரையும் மறுகுழுவில் சேர்க்காதீர்கள். இரு எண்ணிக்கைகளும் ஒன்றையொன்று சாராதிருந்தால் மட்டுமே கணக்குச் செல்லும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த மலையக வாசகர் ஒருவர், தேயிலைத் தோட்டங்களின் லயன்களில் (தொழிலாளர்களின் தொடர்வீட்டு வரிசைகளில்) முழுத் தோட்டத்துக்கும் ஒரே முகவரி இருக்கும்போது பட்டியலை எப்படி எழுதுவதென்று கேட்டிருந்தார். லயனை ஒரு கட்டடமாகவும், காம்பரா (அறை) ஒவ்வொன்றையும் இடக்கோடியிலிருந்து எண்ணி வீட்டலகாகவும் எழுதுங்கள். இரண்டு காம்பராக்களை இடைச்சுவர் உடைத்து ஒரு குடித்தனமே பயன்படுத்தினால் அது ஒரு வீட்டலகு. எண்ணைக் கதவில் ஒட்டி, ஜிபிஎஸ் புள்ளியையும் பதியுங்கள். லயன்களில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் என்பதால் ஒட்டிய எண்ணே முதன்மையானது.

புத்தளத்திலிருந்து வந்த இன்னொரு கேள்வி, பருவத்துக்குப் பருவம் கரை மாறும் மீனவர்களைப் பற்றியது. மேற்குக் கரை கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கரையிலும், மறுபாதியில் கற்பிட்டியை அண்டிய தீவுகளிலும் வாடி (தற்காலிக மீனவர் குடில்) அமைத்துத் தங்குவோருக்கு ஆறு மாத அளவுகோல் இரு பக்கமும் சமமாகிவிடும். அப்படிப்பட்டவர்களிடம் மனைவி, பிள்ளைகள் இருக்கும் வீடு எதுவென்று கேட்டு அங்கே எண்ணுங்கள். குடும்பமே வாடியில் இருந்தால் தொகைமதிப்புக் கணத்தில் அவர்கள் இருக்கும் வாடியிலேயே எண்ணி, அங்கே எண்ணப்பட்டதற்கான சீட்டையும் கையில் கொடுங்கள். மற்றக் கரையின் கணக்கெடுப்பாளர் ஊர் வீட்டுக்கு வரும்போது அதைக் காட்டினால் போதும்.