கண்டல் இலை ஏன் உப்புக் கரிக்கிறது? நீங்களே செய்து பாருங்கள்

தொட்டிச் செடிக்கு நாலு நாள் கடல் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், கருகிவிடும். பிச்சாவரத்துக் கண்டல் மரங்களோ உப்புத் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு பச்சைப் பசேலென்று நிற்கின்றன. எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு உருளைக்கிழங்கு, கொஞ்சம் கல் உப்பு, ஒரு பயணம் போதும்.

படி 1: அடுப்படியில்

35 கிராம் உப்பை ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். ஏறக்குறைய கடல் நீரின் கரிப்பு வந்துவிடும். உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு துண்டை இதிலும் இன்னொன்றைச் சாதாரணத் தண்ணீரிலும் போட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள்.

சாதாரணத் தண்ணீரில் கிடந்தது விறைப்பாக இருக்கும், வளைத்தால் உடையும். உப்பில் கிடந்தது ரப்பர் மாதிரி வளையும். உள்ளே இருந்த தண்ணீரை வெளியே இருந்த உப்பு இழுத்துவிட்டது. ஆக, கடலோரச் செடியின் முதல் தொல்லை தாகம்தான். சுற்றிலும் தண்ணீர், ஆனால் குடிக்க முடியாது.

குடிக்க வேண்டுமென்றால் செல்லின் உட்புறம் வெளியை விடக் கரைசல் மிகுந்ததாக இருக்க வேண்டும். அதற்கு மலிவான வழி, உப்பையே உள்ளே எடுத்துக்கொள்வது. ஆனால் சோடியம் அளவுக்கு மீறினால் செல்லின் நொதிகள் கெட்டுப்போகும். உப்பு வேண்டும், உப்பு ஆகாது. இந்த இழுபறியை மனதில் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போவோம்.

படி 2: மரத்தை அடையாளம் காணுங்கள்

சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்ததுபோல் மூச்சுவேர்கள் நீட்டிக்கொண்டு, இலையின் அடிப்புறம் வெளிறி இருந்தால் அது வெண்கண்டல். முட்டுக் கொடுத்தாற்போல் வேர்கள் வளைந்து இறங்கினால் சுரபுன்னை. இரண்டும் வேண்டும். இலையைப் பறிக்க வேண்டாம், மரத்திலேயே பார்க்கலாம்.

படி 3: கழுவுங்கள், காத்திருங்கள்

இரண்டு மரங்களிலும் ஒவ்வொரு இலையைக் குடிநீரால் கழுவித் துடைத்து, காம்பில் நூல் கட்டுங்கள். மறுநாள் உச்சி வெயிலில் வந்து, வெண்கண்டல் இலையைச் சாய்த்துப் பாருங்கள். பொடிப்பொடியாக மினுங்கும். நாக்கு நுனியால் தொட்டால் சுருக்கென்று கரிக்கும். (பறவை எச்சம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்!) சுரபுன்னை இலையில் அப்படி எதுவும் இருக்காது.

பங்குனி, சித்திரையில் போங்கள். நான் முதல் தடவை கார்த்திகை மழையில் போய், நனைந்த இலையை நக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்துப் படகுக்காரர் சிரித்தார். மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது.

படி 4: என்ன நடந்தது?

இரண்டு மரங்களும் பெரும்பகுதி உப்பை வேரிலேயே நிறுத்திவிடுகின்றன. வேரின் உள்ளடுக்குச் செல்களைச் சுற்றி மெழுகு போன்ற பட்டை ஒன்று இருக்கிறது. செல்களுக்கு இடையிலுள்ள சந்துகளை அது அடைத்துவிடுவதால், தண்ணீர் செல்லின் சவ்வைத் தாண்டித்தான் போயாக வேண்டும். செக்போஸ்ட் அந்தச் சவ்வுதான். தண்ணீர் போக அதில் தனி வாய்க்கால்கள் உண்டு, சோடியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

அப்படியும் கொஞ்சம் நுழைந்துவிடும். அப்போதுதான் செல் கைக்காசைச் செலவழிக்கிறது. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை எரித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அவை திரும்ப உள்ளே வரத் துடிக்கும். வரலாம், ஆனால் ஒரு சோடியத்தை வெளியே அனுப்பிவிட்டுத்தான் வர வேண்டும். ஒரு கிலோ கடல் நீரில் சோடியம் சுமார் 10.8 கிராம், பொட்டாசியம் 0.4 கிராம்தான். செல்லுக்குள் உயிர்வேலை நடக்கும் சைட்டோபிளாசத்தில் பொட்டாசியத்தின் கையே ஓங்கியிருக்க வேண்டும். அந்தத் தலைகீழ் கணக்குக்குத்தான் இத்தனை செலவு.

இலைக்கு வந்து சேர்ந்த சோடியத்தை நடுவிலுள்ள பெரிய நுண்குமிழில் பூட்டி வைக்கிறது செல். அதனால் தாகம் தீர்கிறது, நொதிகளும் தப்பிக்கின்றன. குமிழுக்கு ஈடுகொடுக்க, சைட்டோபிளாசத்தில் கிளைசின் பீட்டைன் என்ற தீங்கில்லாத பொருளை வெண்கண்டல் சேர்த்துக்கொள்கிறது. அதற்கு மேலும் வருவதை இலைப் பரப்பிலுள்ள உப்புச் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. வெயில் தண்ணீரை உலர்த்தியதும் நீங்கள் நக்கிய அந்தப் பொடி மிஞ்சுகிறது. சுரபுன்னைக்கு இந்தச் சுரப்பிகள் இல்லை.

படி 5: வீடு திரும்பியதும்

இன்னொரு உருளைக்கிழங்கை நன்றாக வேகவைத்து, படி 1-ஐ மறுபடி செய்யுங்கள். இந்த முறை இரண்டு கிண்ணத்திலும் ஒரே மாதிரி தொளதொளவென்றுதான் இருக்கும். கொதிநீரில் செக்போஸ்ட் இடிந்துவிட்டது.