தலைநகருக்குக் குடிபோகும் முன் யாரிடம், என்ன கேட்பது?

வேலை மாறி ஒரு தலைநகருக்குக் குடிபோவது உறுதியானதும், அங்கே இருக்கும் பன்னிரண்டு பேரிடம் போனில் பேசினேன். ஒருவர், "இதைவிட நல்ல ஊர் கிடைக்காது, யோசிக்காமல் வாங்க" என்றார். அதே பகுதியில் இருக்கும் ஒரு செவிலியர், "பிள்ளைகளோடு வர்றதா இருந்தா நல்லா யோசிச்சுக்கோங்க" என்றார். யாரோ ஒருவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். அங்கே நான்கு வருடம் இருந்துவிட்டேன். இரண்டு பேருமே உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கேட்ட விதத்தில்தான் தவறு. அதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக, இப்போது நான் எப்படிக் கேட்பேன் என்பதை எழுதுகிறேன்.

"ஊர் எப்படி?" என்று தொடங்காதீர்கள். எந்தப் பகுதி, வந்து எத்தனை வருடம், சொந்த வீடா வாடகையா, தினமும் எத்தனை மணிக்கு வெளியே கிளம்புகிறார் என்ற நான்கையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஊரைப் புகழ்ந்தவர் ஓய்வுபெற்றவர், சொந்த வீடு, காலை பத்து மணிக்கு மேல்தான் வெளியே வருவார். செவிலியருக்கு வாடகை வீடு, இரவுப் பணி. வேலை முடியும் நேரத்தில் பஸ் இருக்காது. வீட்டு விலை ஏறுவது அவருக்கு நல்ல செய்தி, இவருக்கு அடுத்த வருட வாடகை பற்றிய பயம்.

அடுத்தது, கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். "மருத்துவ வசதி நல்லா இருக்கா?" என்றால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "கடைசியா குழந்தைக்குக் காய்ச்சல் வந்தப்போ எங்கே போனீங்க, எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?" என்று கேட்டால் முழுக் கதையும் வரும்.

வாழ ஏற்ற உலக நகரங்கள் என்று வரும் பட்டியல்களை நம்பி இதையெல்லாம் விட்டுவிடாதீர்கள். எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனத்தின் பட்டியலில் 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளும் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாதான் முதலிடம். நிலைத்தன்மை, சுகாதாரம், பண்பாடும் சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு என்று ஐந்து தலைப்பில் மதிப்பெண் போடுகிறார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியருக்கு எவ்வளவு படி கொடுப்பது என்று நிறுவனங்கள் கணக்கிடவும் அது உதவுகிறது. ஆனால் அதே வியன்னாவில் வாக்களிக்கும் வயதுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடியுரிமை இல்லாததால் நகரத் தேர்தலில் ஓட்டு இல்லை. ஆகவே பேசுகிறவருக்கு அந்த ஊரில் ஓட்டு உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அரசியல் பேச்சில்தான் அதிகம் கவனம் வேண்டும். தலைநகரில் நகர நிர்வாகமும் நாட்டின் அரசும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால், யார் மீது கோபப்படுவது என்பதிலேயே மக்கள் பிரிந்துவிடுகிறார்கள். டெல்லியில் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றமும் முதல்வரும் உண்டு; காவல்துறையும் நிலமும் மத்திய அரசின் கையில். தெருவில் பாதுகாப்பு இல்லையென்று ஒருவர் முதல்வரைத் திட்டினால், அந்தக் குறை உண்மையாக இருக்கலாம். ஆனால் போலீஸ் அவரிடம் இல்லை. வாஷிங்டன் மக்கள் மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுடைய நகரமன்றம் போடும் சட்டத்தை நாடாளுமன்றம் ரத்து செய்ய முடியும், அங்கே அவர்களுக்கு வாக்குரிமையுள்ள உறுப்பினர் கிடையாது. அதிபர் தேர்தலில் ஓட்டு கிடைத்ததே 1961இல் வந்த அரசியல் சட்டத் திருத்தத்தால்தான். அதனால் எந்தக் குறையைக் கேட்டாலும் "இதுக்கு யார்கிட்ட போனீங்க? என்ன ஆச்சு?" என்று தொடர்ந்து கேளுங்கள். நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பது அந்தப் பதிலில் தெரியும்.

எனக்கு அதிகம் உதவிய கேள்வி ஒன்று உண்டு: "உங்க கட்சி ஆட்சியில் இருந்தும் சரியாகாத ஒரு விஷயம் சொல்லுங்க." அப்புறம், "பிடிக்காத கட்சி செஞ்சதுல உங்களுக்குப் பயன்பட்டது எது?" குரல் உடனே தணிந்துவிடும். கட்சி ஆதரவாளராகப் பேசிக்கொண்டிருந்தவர் தெருவாசியாகப் பேசத் தொடங்குவார். உங்கள் கட்சி எது என்று மட்டும் அப்போது சொல்லாதீர்கள். சொன்னால் பதில் உங்களுக்கேற்ப வளைந்துவிடும்.

சத்தமாகப் பேசுகிறவர்கள்தான் மொத்த ஊரும் என்று எண்ணிவிடாதீர்கள். வெளியூரிலிருந்து வரும் கனமான கார்களுக்குப் பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமா என்று பாரிஸ் 2024 பிப்ரவரியில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. பாதிக்குக் கொஞ்சம் மேலானவர்கள் ஆதரித்தார்கள். ஆனால் ஓட்டுப்போட வந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. வராதவர்கள் என்ன நினைத்தார்கள் என்று இரண்டு தரப்புமே சொல்ல முடியாது.

போராட்டங்களைப் பற்றியும் தனியாகக் கேளுங்கள். நாடு முழுக்க இருக்கும் கோபம் தலைநகரின் சாலைகளுக்குத்தான் வரும். அதனால் கடையைச் சாத்த வேண்டியிருக்கிறது என்று ஒருவர் வருந்துவார். அங்கே போய் நிற்க முடிகிறது என்பதற்காகவே இந்த ஊரை விடமாட்டேன் என்பார் இன்னொருவர். எனக்கு இரண்டாமவர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது, ஆனால் எனக்குக் கடை இல்லை.

சரி, எல்லாம் எழுதியாயிற்று என்றால் சராசரி போடாதீர்கள். வாடகை, வேலை நேரம், பிள்ளைகளின் வயது ஆகியவற்றில் உங்களோடு ஒத்துப்போகிற இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கு மட்டும் மறுபடி போன் செய்யுங்கள். நான் அந்தச் செவிலியரிடம்தான் பேசினேன். எந்தத் தெருவில் வீடு பார்த்தால் இரவு பஸ்ஸுக்குப் பயமில்லாமல் நடந்து வரலாம் என்று கேட்டேன். அவர் இரண்டு தெருக்களைச் சொன்னார். அதில் ஒன்றில்தான் இப்போதும் இருக்கிறோம்.