கல்வாழைப் படுகைக்கு எவ்வளவு வெயில் வேண்டும்?

குளித்த தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் ஜல்லிப் படுகையில் விட்டுக் கல்வாழை (கன்னா) போன்ற செடிகளைக் கொண்டு சுத்தம் செய்வதற்குக் குழி வெட்டும் முறையை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். வெயிலைப் பற்றித்தான் பேச்சே வராது. படுகை நாறுவதும் செடி கருகுவதும் பெரும்பாலும் வெயில் கணக்கு தப்புவதால்தான். இலைக்கு வெயில் வேண்டும். தண்ணீர் மேல் அது படக் கூடாது. கீழே உள்ள எல்லாமே இதைச் செய்யும் வழிதான்.

படி 1: இடம்

கல்வாழைக்கு தினமும் ஆறு மணி நேர நேரடி வெயில் இருந்தால் நல்லது. ஆனால் இன்று வெயில் விழுகிறதே என்று நம்பி குழி வெட்டாதீர்கள். சென்னைப் பக்கம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். மார்கழியில் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது 10 அடிச் சுவரின் நிழல் நண்பகலிலேயே 7 அடிக்கு மேல் வடக்கே நீளும். அதனால் வீட்டுக்கு வடக்கே சுவரை ஒட்டிய இடம் கோடையில் பளிச்சென்று இருந்து, மார்கழி, தை மாதங்களில் இருண்டு போகும். வேறு இடமே இல்லையா? கல்வாழையை விட்டுவிட்டு சேம்பு வையுங்கள், நிழலைத் தாங்கும்.

படி 2: அளவு

நாலு பேர் வீட்டில் குளியலும் துவையலும் சேர்ந்து ஒரு நாளைக்கு 300 லிட்டர் என்று வைப்போம். 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், அரை மீட்டர் நீர் ஆழம். ஜல்லிக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 40 சதவீதம் என்றால் 800 லிட்டர் பிடிக்கும். ஆக, தண்ணீர் இரண்டரை நாளுக்கு மேல் உள்ளே தங்கும். அழுக்கைத் தின்பது ஜல்லியிலும் வேரிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா. அதற்கு நம் ஊர்ச் சூட்டில் இந்த அவகாசம் போதும்.

ஊட்டியில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 10 டிகிரி குறைந்தால் பாக்டீரியாவின் வேகம் தோராயமாகப் பாதியாகும். அம்மோனியாவை மாற்றும் வகைதான் குளிரில் அதிகம் முடங்கும். அங்கே படுகையை இரண்டு மடங்காகப் போடுவது பாதுகாப்பு. உறைபனியில் கல்வாழை இலை கருகினாலும் கிழங்கு பிழைத்துத் துளிர்க்கும். கருகிய இலைகளை ஜல்லி மேலேயே பரப்பிவிட்டால் குளிர் கீழே இறங்காது.

படி 3: குழி, ஜல்லி

தடித்த தார்ப்பாய் விரித்து, தண்ணீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் பெரிய ஜல்லி, நடுவில் முக்கால் இன்ச் ஜல்லி. சுற்றிலும் ஒரு செங்கல் உயரத்துக்கு வரப்பு கட்டுங்கள், மழைத்தண்ணீர் ஓடிவந்து சேராது. சமையலறைத் தண்ணீரை இப்போதைக்குச் சேர்க்காதீர்கள், எண்ணெய் ஜல்லியை அடைத்துவிடும்.

படி 4: நீர்மட்டம்

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் ஜல்லியின் மேற்பரப்புக்கு 5 முதல் 10 செ.மீ. கீழேயே நிற்க வேண்டும். வெளியேறும் பைப்பில் ஒரு எல்போ (வளைந்த பைப் இணைப்பு) போட்டுத் திருப்பினால் மட்டத்தை ஏற்றி இறக்கலாம். தண்ணீர் மேலே தெரிந்தால் வெயில் பட்டுப் பாசி பிடிக்கும். பாசி பகலில் ஆக்ஸிஜன் விடும், சரி; இரவில் அதையே இழுத்துக்கொள்ளும், செத்தால் அதுவும் அழுக்குதான். கொசுப்புழு வேறு. (வெயிலையும் பாசியையும் நம்பியே நடக்கும் திறந்த குளங்கள் உண்டு. அதற்குப் பெரிய நிலம் வேண்டும்; கொல்லைப்புறத்துக்கு ஒத்துவராது.)

படி 5: நடுவது

அக்னி நட்சத்திரத்தில் நடாதீர்கள். வேர் பிடிக்காத செடிக்கு சூடான ஜல்லியே எமன். ஆடிக்கு மேல் நட்டு, முதல் சில வாரம் நல்ல தண்ணீர் கலந்து விட்டு, அப்புறம் மெல்ல முழுக் கழிவுநீருக்கு மாறுங்கள்.

படி 6: கோடை

சூடு கூடினால் பாக்டீரியா வேகமாகத் தின்னும், அதற்கு ஆக்ஸிஜனும் அதிகம் வேண்டும். ஆனால் 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 9 மி.கி. ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 35 டிகிரியில் 7 மி.கி.தான். தேவை ஏறும்போது இருப்பு இறங்குகிறது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். துவையல் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் திறக்காமல் ஒரு டிரம்மில் பிடித்து, காலையும் மாலையுமாகப் பிரித்து விடுங்கள். எல்போவைச் சாய்த்து மட்டத்தை இரண்டு நாள் இறக்கினால் ஜல்லிக்குள் காற்று புகும்.

இன்னொன்று, ஆவியாதல். ஒரு நாளில் 8 மி.மீ. போனால் 4 சதுர மீட்டரில் 32 லிட்டர் காலி. தண்ணீர்தான் போகிறது, சோப்புத்தூளின் உப்பு அப்படியே நிற்கிறது. இலை நுனி பழுப்பாகக் காய்ந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள்.

வெளிவரும் தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் தாராளமாகப் பாய்ச்சலாம். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினாவுக்கு வேண்டாம்.