காவிரிப் படுகையில் நிலவியலையும் தொல்லியலையும் இணைத்து ஒரு பயணம் அமைப்பது எப்படி?

காவிரிப் படுகையின் உட்பகுதியில் கிணறு வெட்டினால் மணல் வரும், களி வரும், மீண்டும் மணல் வரும்; கருங்கல் வராது. அப்படிப்பட்ட நிலத்தில்தான் இத்தனை கற்கோயில்கள் நிற்கின்றன. ஆகவே பயணம் அமைக்க விரும்புகிறவர் ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும்: கண்முன் உள்ள கல்லும் செங்கல்லும் மண்ணும் எங்கிருந்து வந்தன? அரசர்களின் பட்டியலை ஒப்பிப்பதைவிட இக்கேள்வி வருவோரை நெடுநேரம் நிறுத்தி வைக்கும்.

முதல் படி: வரைபடம்

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ‘பூகோஷ்’ தளத்தில் நிலவியல் வரைபடங்களும், இஸ்ரோவின் ‘புவன்’ தளத்தில் செயற்கைக்கோள் படங்களும் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்து, திருச்சியிலிருந்து கடல் வரை காவிரியைப் பின்தொடருங்கள். கடினப் பாறை எங்கே முடிகிறது, வண்டல் எங்கே தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேதாரண்யம் பக்கம் கடற்கரைக்கு இணையாக ஓடும் நீண்ட மணல்மேடுகள் தெரியும். அவை கடல் விட்டுச்சென்ற பழைய கரைகள்.

இரண்டாம் படி: பருவம்

வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படுகிறது. ஆற்றில் நீர் வற்றி, சம்பா அறுவடையும் முடிந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆற்றங்கரையின் வெட்டுமுகம் (நீர் அரித்த செங்குத்துக் கரை) வெளியே தெரியும், வரப்பில் நடக்கவும் முடியும். ஐப்பசி, கார்த்திகையில் போவது வீண்.

மூன்றாம் படி: மேற்கிலிருந்து கிழக்காக நிறுத்தங்கள்

தொடக்கம் திருச்சி மலைக்கோட்டை. சமவெளியிலிருந்து ஏறத்தாழ 83 மீட்டர் உயர்ந்து நிற்கும் இப்பாறை கேம்பிரியன் காலத்துக்கும் முற்பட்டது, அதாவது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அதன் மேல் பகுதியில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த குடைவரை இருக்கிறது. இங்கே கல்லை எங்கிருந்தும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை; கோயிலே பாறைக்குள் இருக்கிறது. பயணம் முழுவதற்கும் இதுவே அளவுகோல் என்பதை வருவோரிடம் இந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கல்லணை. கரிகாலன் கட்டியதாக மரபு சொல்லும் இவ்வணையின் பழைய பகுதி, ஆற்று மணலின் மேல் கல்லையும் களிமண்ணையும் இட்டு எழுப்பப்பட்டது; இன்று நாம் காணும் மதகுகளும் பாலமும் பிற்காலத்தவை. காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் எனத் தண்ணீர் பிரியும் இடத்தில் நின்று, ஆறு கிளைவிட்டு வேகம் குறையக் குறைய முதலில் பரு மணலையும் பிறகு நுண்களியையும் இறக்கிவிடும் என்பதை விளக்குங்கள். ஒரு பிடி மணலை இங்கே விரலிடையில் தேய்த்துப் பார்த்தவர்கள், மறுநாள் கடலோரத்து வயல் மண்ணையும் அப்படியே தேய்த்துப் பார்க்கட்டும்.

தஞ்சாவூருக்கு வல்லம் வழியாகச் செல்லுங்கள். அங்கே நிலம் வண்டல் அன்று. செம்மண்ணும் செம்பராங்கல்லும் (இரும்புச்சத்தால் இறுகிய சிவந்த கல்) கொண்ட மேட்டுநிலம். அதன் விளிம்பில்தான் 1010இல் நிறைவுற்ற பெரிய கோயில் நிற்கிறது. ஏறத்தாழ 66 மீட்டர் உயர விமானத்துக்கான கருங்கல் முழுவதும் வெளியிலிருந்து வந்தது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதையை வழிகாட்டிகள் இன்னும் விடவில்லை. நிழல் விழத்தான் செய்கிறது. கல் வந்த கதை அதைவிட வியப்பானது.

முடிவு பூம்புகாரும் தரங்கம்பாடியும். பூம்புகாரை அடுத்த கீழையூரில் 1960களில் நடந்த அகழாய்வு செங்கல்லால் கட்டிய படகுத்துறையை வெளிப்படுத்தியது. அங்கிருந்த மரத்தூண் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியதெனக் கரிமக் கணிப்பு காட்டியது. கல் இல்லாத ஊர் ஆற்றுக் களியைச் சுட்டுத் துறை கட்டியிருக்கிறது. தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டு மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 1620இல் எழுந்த டேனியக் கோட்டை அதன் அருகிலேயே இருக்கிறது. ஆறு சேர்க்கும் நிலத்தைக் கடல் அரிக்கும் வேலை இங்கே கண்ணுக்குத் தெரியும்.

கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால் கொள்ளிடத்தைத் தாண்டி கங்கைகொண்டசோழபுரத்தையும், பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரத்தையும் (கல்லாக மாறிய பழங்கால மரம்) சேர்த்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: மேட்டையும் கரையையும் படிப்பது

தொடக்கநிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். பழைய குடியிருப்பு இருந்திருக்கக்கூடிய, ‘மேடு’, ‘திடல்’ என முடியும் இடப்பெயர்களைக் குறித்து வைத்து, அங்குள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். உழும்போது பானை ஓடு வரும் வயலை அவர்கள் அறிவார்கள். ஆற்றங்கரை வெட்டுமுகத்தில் அடுக்குகளை மேலிருந்து கீழாக வரைந்து, ஒவ்வொன்றின் தடிமனையும் டேப்பால் அளந்து எழுதுங்கள். ஓட்டுச்சில்லுகள் கிடக்கும் அடுக்கின் மேல் தூய மணல் படிந்திருந்தால், மக்கள் வாழ்ந்த பிறகு அங்கே வெள்ளம் வந்திருக்கலாம் என்று கொள்ளலாம். ஆனால் சில்லுகளையே வெள்ளம் உருட்டிக் கொண்டுவந்திருக்கவும் கூடும். முனைகள் மழுங்கியிருந்தால் உருண்டு வந்தவை என ஐயப்படுங்கள். கூர்மையாக இருந்தால் அங்கேயே உடைந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஐந்தாம் படி: ஒழுங்கு

வயலுக்குள் இறங்குமுன் உரியவரிடம் அனுமதி பெறுங்கள். ஓட்டுச்சில்லு, காசு, மணி எதையும் எடுக்க விடாதீர்கள். இருக்குமிடத்திலேயே அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்தால் போதும். புதைபொருள் கிடைத்தால் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; ஆகவே முக்கியமாக எதுவும் தென்பட்டால் அந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றைக்கே சொல்லி, இடத்தைக் காட்டிவிட்டு அடுத்த நிறுத்தத்துக்குச் செல்லுங்கள்.