பின்பெட்டியைக் கழற்றி மாட்டும்படி செய்யும்போது எங்கெல்லாம் சறுக்கும்?

நீண்ட பயணம் என்றால் பின்பெட்டி இல்லாமல் முடியாது. தனியாகப் பக்கத்தில் போய்வரும் நாளில் அதே பெட்டி வெறும் சுமை. அதனால்தான் டூரிங் பைக் வைத்திருப்பவர்களுக்கு, பெட்டியை வேண்டும்போது மாட்டி, வேண்டாதபோது கழற்றி வைக்க முடிந்தால் என்ன என்று ஒரு கட்டத்தில் தோன்றிவிடும். செய்யக்கூடிய வேலைதான். ஆனால் பலருடைய கவனமும் எத்தனை நொடியில் கழற்றலாம் என்பதிலேயே நின்றுவிடுகிறது. கழற்றிய பெட்டி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், ஆடாமல் வந்து உட்காருகிறதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிரில்லைக் கையில் எடுத்த பிறகு யோசிப்பது முதல் தவறு. பெட்டியோடு வேறு என்னென்ன போகும் என்று முதலில் பாருங்கள். ஹார்லி டேவிட்சன் அல்ட்ரா வகைகளில் பின்னால் உட்காருபவர் சாய்ந்துகொள்ளும் மெத்தை டூர்-பாக் பெட்டியில்தான் இருக்கிறது. பின் ஸ்பீக்கரும் ஆன்டெனாவும் அதோடு சேர்ந்தவை. பெட்டியைக் கழற்றிய நாளில் பின்னால் ஆள் ஏறினால் முதுகுக்குப் பிடிமானம் இருக்காது. தனி பேக்ரெஸ்ட் வேண்டுமா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். ஹோண்டா கோல்டு விங்கின் கதை வேறு. 2018 மாடலிலிருந்து பெட்டி இல்லாத வண்டியும், பெட்டியோடு வரும் 'டூர்' வண்டியும் தனித்தனியாகவே கிடைக்கின்றன. டூரில் பெட்டி வண்டியின் உடம்போடு சேர்த்தே வடிவமைக்கப்பட்டது. அதைப் பிரித்தெடுக்கப் பாடுபடுவது என் கணக்கில் வீண் வேலை.

ரெடிமேட் கிட் வாங்குபவர்கள் வண்டியின் ஆண்டைப் பார்க்காமல் வாங்கிவிடுகிறார்கள். ஹார்லி டூரிங் வண்டிகளில் 2009 முதல் 2013 வரைக்கான டாக்கிங் கிட் (ரேக் வந்து மாட்டிக்கொள்ள வண்டியில் பொருத்தும் பிடிமானங்கள்) வேறு, 2014-க்கும் அதற்குப் பிறகுமான கிட் வேறு. பார்த்தால் ஒன்று போலவே இருக்கும், துளைகள் சேராது. அப்போது 'கொஞ்சம் ராவினால் சரியாகிவிடும்' என்று அரத்தை எடுக்கக் கூடாது.

பெட்டியைத் தாங்கும் சட்டமான ரேக்கைச் சொந்தமாகச் செய்பவர்கள் சறுக்குவது எடையில். பூட்டுக்கு இடம் வேண்டும் என்று பெட்டியைக் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் மேலே தள்ளிவிடுவார்கள். இரு சக்கரங்களின் அச்சுகளுக்கு நடுவே 1600 மி.மீ., பெட்டியும் சாமானும் சேர்ந்து 20 கிலோ, அந்த எடையின் மையம் பின் அச்சுக்கு 300 மி.மீ. பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தின் மேல் உள்ள பாரம் 3.75 கிலோ குறையும். பெட்டியை இன்னும் 100 மி.மீ. பின்னால் தள்ளினால் அது 5 கிலோவாகும். எண் சின்னதுதான். ஆனால் உயரத்திலும் அச்சுக்கு அப்பாலும் தொங்கும் எடை, வேகத்தில் வண்டி நெளிவதைத் தூண்டும். பழைய இடத்தை அளந்து குறித்துக்கொண்டு, அதைவிடப் பின்னால் போகாதபடி ரேக்கை அமையுங்கள். தனியாகவே ஓட்டுபவர் என்றால், பெட்டியைப் பின்சீட்டுக்கு மேலேயே முன்தள்ளி வைக்கும் சோலோ ரேக் நல்லது. பின்னால் ஆள் உட்கார முடியாது, அவ்வளவுதான்.

அடுத்தது பூட்டு. ரேக்கைப் பிடிக்கும் 8 மி.மீ. பின்னுக்கு (pin) 8.5 மி.மீ. துளை போட்டால் மாட்டுவது சுலபம். ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் பின், துளையின் விளிம்பில் போய் இடிக்கும். நாளாக ஆக வட்டத் துளை முட்டை வடிவமாகும், ஆட்டம் இன்னும் கூடும். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பாருங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் ரப்பர் புஷ்ஷோ, இழுத்து இறுக்கும் லாட்சோ (கொக்கிப் பூட்டு) தேவை. போல்ட்டின் மரைப் பகுதி துளைக்குள் நின்று பாரம் தாங்கும்படியும் விடாதீர்கள், வழவழப்பான தண்டுப் பகுதிதான் அங்கே இருக்க வேண்டும். லாட்ச் ஒன்று திறந்துகொண்டாலும் பெட்டி பறந்துவிடாதபடி இரண்டாவது பிடிமானம் கட்டாயம். பாரம் போய்ச் சேர வேண்டிய இடம் ஃபிரேம், மட்கார்டு அல்ல. பெட்டியின் பிளாஸ்டிக் அடித்தளத்தில் வெறும் வாஷர் வைத்து இறுக்கினால், துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் விடும். உள்ளே முழுத்தகடு ஒன்று வைத்து பாரத்தைப் பரப்புங்கள்.

அதிகமாகச் சொதப்புவது ஒயரிங்கில்தான். எந்த ஒயரையும் வெட்டுவதற்கு முன், கம்பெனி கனெக்டரை வெறுமனே பிடுங்கிவிட்டு சாவியைப் போட்டு எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள். பெட்டியில் இண்டிகேட்டர் இருந்தால், பல்பு ஃபியூஸ் போய்விட்டதாக எண்ணி மற்றவை படபடவென்று மின்னலாம். ஸ்பீக்கர்கள் தொடராக இணைக்கப்பட்டிருந்தால் முன் ஸ்பீக்கரும் ஊமையாகும். எது எதைச் சரிக்கட்ட வேண்டும் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கனெக்டர் தண்ணீர் புகாத வகையாக இருக்கட்டும். வண்டியில் தங்கும் பாதியில் முனைகள் உள்ளடங்கி இருக்க வேண்டும், நீட்டிக்கொண்டிருக்கும் பின்கள் பெட்டிப் பக்கம் இருக்கட்டும். மாற்றி வைத்தால், பெட்டி இல்லாத நாளில் கரண்ட் பாயும் பின் எங்காவது உரசி ஃபியூஸைக் காலி செய்யும். பெட்டியைக் கழற்றியதும் போட்டு மூட ஒரு மூடியும் வேண்டும். ரேக்கையே எர்த்தாக நம்பாதீர்கள். பெயின்ட்டும் ரப்பர் புஷ்ஷும் நடுவில் இருக்கும்போது எர்த் ஒழுங்காகக் கிடைக்காது. இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் பின்விளக்கும் சேர்ந்து துடித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்துவிடுங்கள். ஆன்டெனா கேபிளைச் சாதாரண ஒயர் போல வெட்டி முறுக்கி ஒட்டினால் ரேடியோ இரையும், அதற்கு உரிய கனெக்டரே போட வேண்டும்.

பெட்டியைக் கழற்றினாலும் மாட்டினாலும் சஸ்பென்ஷன் பிரீலோடையும் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவு) டயர் காற்றையும் மாற்ற மறக்காதீர்கள். பின்பக்கம் அமுங்கியிருந்தால் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எவ்வளவு எடை ஏற்றலாம் என்பது கையேட்டிலோ பெட்டிக்குள் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். பெரிய பெட்டிக்குக்கூட அது பல நேரம் 10 கிலோவை ஒட்டித்தான். கழற்றிப் போடும் ரேக் போட்டதால் அந்த அளவு கூடிவிடாது.

சாவியில்லாமல் கழலும் பெட்டியை வண்டி நிற்கும் இடத்தில் யாரும் கழற்றலாம், ஒரு லாட்சிலாவது பூட்டு வேண்டும். வேலை முடிந்ததும் முதலில் காலிப் பெட்டியோடும், அப்புறம் எடை வைத்தும் மெதுவாக ஓட்டுங்கள். 100 கி.மீ. ஆனதும் ஸ்பேனரோடு ஒவ்வொரு போல்ட்டையும் திரும்பச் சோதியுங்கள். நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால், எது தளர்ந்தது என்று பார்த்ததுமே தெரியும்.